தீர்க்கதரிசனம் யாருக்கு உரியது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அரைமணி நேரம் நடந்தால் முருகன் கோயில், மாதா கோயில், லுத்தரன் ஆலயம், மெதடிஸ்ட் ஆலயம், பௌத்த விகாரை ஆகிய யாவற்றையும் கண்டுவிடலாம். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகத்துக்கென யாழ்ப்பாணத்திலிருந்தும், உடலுழைப்புக்கெனத் தமிழகத்திலிருந்தும் வந்தவர்கள் தத்தம் சமயத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தனர். அம்மூட்டைகளிலே வந்ததுதான் தமிழ் வேதபுஸ்தகமும். அப்புஸ்தகத்தில் பெரும்பகுதி பழைய ஏற்பாடு. அதாவது யூதருடைய நூல். யூதருக்கோ இக்கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தொழுகைக்கூடம்கூட இல்லை. எனவே, ஒரு கட்சிக்காரர் ஆஜராகாமலே இங்கு வழக்கு நடந்து, தீர்ப்பும் ஆண்டுதோறும் வாசிக்கப்பட்டு வருகிறது. வராத கட்சிக்காரர் சொல்லுவது யாது என்பதை நாம் ஒருமுறையேனும் கேட்க வேண்டாமா?

மேசியா என்னும் எபிரேயச் சொல்லுக்கு எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யப்பட்டவன் என்பது பொருள். தாவீதின் குலத்தில் ஓர் அரசன் தோன்றுவான், சிதறிய மக்களைச் சேர்ப்பான், போர் ஒழியும் என்பது யூதர் நம்பிக்கை. அவர் வந்துவிட்டார், அவரே இயேசு, எஞ்சியவை அவருடைய இரண்டாம் வருகையில் நிறைவேறும் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. இரு திறத்தாரும் சான்று காட்டுவது ஒரே நூலை.

சான்றுகளில் பெயர்பெற்றது ஏசாயா 7-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். அதன் சந்தர்ப்பம் வருமாறு: கி.மு. 735 வாக்கில் சீரிய மன்னன் ரேத்சீனும் வடநாட்டு இஸ்ரவேல் மன்னன் பெக்காவும் ஒன்றுகூடி எருசலேமின்மேல் படையெடுத்தனர். யூதாவின் அரசன் ஆகாஸ் நடுங்கினான். அவனுக்கு ஏசாயா ஓர் அடையாளம் உரைத்தார். ஒரு பெண் மகவைப் பெறுவாள், இம்மானுவேல் என்று பெயரிடுவாள், அப்பிள்ளை நன்மை தீமை அறியுமுன்னே அவ்விரு மன்னரின் நாடும் பாழாகும் என்பதே அது. அப்பெண்ணைக் குறிக்க எபிரேயத்தில் நிற்கும் சொல் ‘அல்மா’.

அல்மா என்றால் இளம்பெண் என்கிறார் யூதர். கன்னி என்று திட்டமாகச் சொல்ல ‘பெதுலா’ என்று வேறொரு சொல் உண்டு. அதை ஏசாயா ஆளவில்லை. மேலும், பகைவர் வாயிலில் நிற்கையில், எழுநூறாண்டு கழித்துப் பிறக்கப்போகும் குழந்தை ஆகாஸுக்கு என்ன ஆறுதல் என்பது அவர்தம் கேள்வி. கேள்வி கூரியதுதான்.

ஆயினும் கிறிஸ்தவர் கட்சியும் வலுவற்றதன்று. இயேசுவுக்கு முன்னரே யூத பண்டிதர்கள் இந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது அவ்விடத்தில் ‘பார்த்தெனோஸ்’ என்று எழுதினர். அதற்குக் கன்னி என்பதே வழக்கமான பொருள். மத்தேயு சுவிசேஷம் அதையே எடுத்தாண்டது. கி.பி. 160-ஐ ஒட்டி ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ ஞானி, திரைபோ என்ற யூதருடன் வாதாடியதாக எழுதிய நூலில் இச்சொல்லே பெரும் போர்க்களம். குழந்தை ஆகாஸின் மகன் எசேக்கியாவே என்று திரைபோவின் கட்சி கூறுகிறது. அதே நூற்றாண்டில் அக்குயிலா என்பவர் யூதருக்காகப் புதிதாய்க் கிரேக்கத்தில் பெயர்த்து, இளம்பெண் என்னும் பொருளுடைய ‘நேயானிஸ்’ என்ற சொல்லை இட்டார். வேடிக்கை என்னவெனில், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பே ஆதியாகமம் 34-இல், கெடுக்கப்பட்ட தீனாளையும் பார்த்தெனோஸ் என்றே அழைக்கிறது! ஆகவே கிரேக்கச் சொல்லைக் கொண்டும் வழக்கை முடிக்க வழியில்லை.

ஏசாயா 53-இல் வரும் துன்புறும் ஊழியன் பற்றியும் இவ்வாறே. கிறிஸ்தவர் அவரைச் சிலுவையில் மாண்டவர் என்பர். 11-ஆம் நூற்றாண்டின் பேருரையாளர் ராஷி, இஸ்ரவேல் மக்களே அவ்வூழியன் என்றார்.

நிற்க. இவையெல்லாம் பண்டிதர் சொற்போராய் நின்றிருந்தால் உலகுக்கு நஷ்டமில்லை. 1263 ஜூலையில் பார்சிலோனா நகரில் அரகான் மன்னன் முதலாம் ஜேம்ஸ் ஒரு வாதசபையைக் கூட்டினான். ஒருபுறம் யூதராய்ப் பிறந்து கிறிஸ்தவரான பாப்லோ கிறிஸ்தியானி என்னும் தொமினிக்க சந்நியாசி. மறுபுறம் ஜிரோனா நகர ரப்பி நாஹ்மனிதிஸ். மேசியா வந்துவிட்டாரெனில் உலகில் கொள்ளையும் கொலையும் ஏன் ஓயவில்லை என்று ரப்பி கேட்டார். போர்ப்பயிற்சியே ஒழியும் காலம் வந்தால் மன்னருக்கும் அவர்தம் வீரருக்கும் அல்லவோ கஷ்டம் என்று அரசன் முகத்துக்கு நேரே கூறியதாகவும் அவரே எழுதி வைத்தார். மன்னன் 300 காசு பரிசளித்து அனுப்பினான் என்பதும் அவர் குறிப்பே. லத்தீன் குறிப்போ, ரப்பி விடையின்றித் திகைத்தார் என்கிறது! வென்றவர் யாராயினும், பின்னர் நடந்தது தெளிவு. யூதர் கிறிஸ்தவப் பிரசங்கத்தைக் கேட்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். தம் வாதத்தை எழுதி வெளியிட்ட குற்றத்துக்காக ரப்பி வழக்குக்குள்ளாகி, முதுமையில் நாட்டைவிட்டே நீங்கி 1267-இல் பாலஸ்தீனம் சேர்ந்தார். ஒரு கட்சியின் கையில் வாளிருக்கும் சபையில் நடப்பதை வாதம் என்று கூற நமக்கு மனம் வரவில்லை.

தமிழருக்கு இந்நூல் வந்தது, 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு முதலிய பாதிரிமார் வழியாக. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் சைவராகவே இருந்த ஆறுமுக நாவலர். நூலை வரிவரியாய் அறிந்த அவர், 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் அதே பழைய ஏற்பாட்டைத் திருப்பிப் பிடித்தார். ஆலயம், தூபம், தீபம், நைவேத்தியம் யாவும் எருசலேமிலும் இருந்தனவே. அங்கே தேவ கட்டளை, இங்கே அஞ்ஞானமா என்று வினவினார். அவர் யூதருக்காக வாதாடவில்லை என்பது மெய். ஆனால் பழைய நூலைப் பிற்கால நூலின் நிழலென்று கொள்ளாது, அதன் இடத்திலே வைத்துப் படித்த தமிழர் அவர். அவர் வழிவந்த யாழ்ப்பாணத்துச் சைவரே பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் ரோட்டுக் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள் என்பதையும் நண்பர்கள் நினைவில் வைக்கலாம்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாய் ஓதிவரும் பைபிளில் ஏசாயாவின் அப்பெண் ‘கன்னிகை’. கத்தோலிக்கரும் பிறரும் கூடி உழைத்து 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்திலோ அவள் ‘இளம்பெண்’. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளாக யூதர் கேட்டுவந்த சொல், வாளின்றி, நெருப்பின்றி, மொழியறிவு ஒன்றாலேயே தமிழில் ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் 1952-இல் இதே மாற்றம் வந்தபோது, அமெரிக்காவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தையே கொளுத்தினார். தமிழில் எவரும் கொளுத்தியதாக நாம் கேள்விப்படவில்லை. கவனித்தவரே சிலர்தாம் போலும்!

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறன்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை, கத்தோலிக்கத் திருப்பலியில் முதல் வாசகம் ஏசாயா 7. சுவிசேஷம் மத்தேயு 1. கிள்ளான் லூர்து மாதா ஆலயத்திலோ பிரிக்பீல்ட்ஸிலோ திருவிவிலியத்தை விரித்துப் பின்பற்றுகிறவர் முதற்பக்கத்தில் ‘இளம்பெண்’ என்றும், சில நிமிஷங்களுக்குப் பின் அதே வசனத்தை மத்தேயு எடுத்துரைக்கும் இடத்தில் ‘கன்னி’ என்றும் காண்பார். திரைபோவும் ஜஸ்டினும் அப்பொழுது ஒரே புஸ்தகத்துக்குள் இருக்கிறார்கள்.