திறந்த குழாயும் மறந்த குளிசையும்

திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் என் நண்பர், துறைமுகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மாரடைப்பு வந்து, கொழும்பில் இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். நான்காம் மாதம் தொலைபேசியில் கேட்டார்: "பல் பிடுங்க வேணும். இரத்தம் நிக்காதெண்டு பயமாக் கிடக்கு. குளிசையை ஒரு கிழமைக்கு நிப்பாட்டட்டா?"

"இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்" என்றேன். அந்த ஒரு வரியை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகள் பிடித்தன.

1977 செப்டெம்பர் 16 அன்று சூரிச் நகரில் மருத்துவர் அந்திரேயாஸ் குருன்ட்சிக், நெஞ்சைப் பிளக்காமலே சிறு பலூனைச் செலுத்தி இதயக் குழாயின் அடைப்பை விரித்தார். ஆனால் பலருக்குச் சில மாதங்களிலேயே குழாய் மீண்டும் சுருங்கியது. அதைத் தாங்கிப்பிடிக்க, 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவெல் உலோக வலைக்குழாயைப் பொருத்தினார். இப்போது வேறொரு சிக்கல்: உலோகத்தின்மீது இரத்தம் உறைந்தது. 1990களின் நடுவில், அஸ்பிரினோடு இரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு குளிசையும் சேர்ந்தபோதே இந்த ஆபத்து பெரிதும் குறைந்தது.

2002 முதல் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் புழக்கத்துக்கு வந்தன. அம்மருந்து குழாய் சுருங்குவதைத் தடுத்தது. கூடவே, உலோகத்தை உடலின் இயல்பான மென்படலம் மூடுவதையும் தாமதப்படுத்தியது. குளிசையை இடையில் கைவிட்ட சிலருக்குத் திடீரென உறைகட்டி அடைத்து உயிராபத்து நேர்ந்தது. 2007 ஜனவரியில் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் கூட்டாக எச்சரிக்கை விடுத்தன: நோயாளிக்கு வீடு செல்லுமுன்பே இதனை விளக்க வேண்டும். அந்த அறிக்கையில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமும் இணைந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று கால அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவரே. ஸ்டென்ட் ஓர் அடைப்பைத்தான் திறக்கிறது, நோயை அகற்றுவதில்லை. புகை, உப்பு மிகுந்த கருவாடு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனிப்பது நம் பொறுப்பு.

நண்பர் மருத்துவரைக் கேட்டார். குளிசையை நிறுத்தாமலே பல் பிடுங்கப்பட்டது. பஞ்சை அழுத்திக் கடித்ததில் இரத்தம் நின்றது. இப்போது பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு மெல்ல நடந்தே ஏறுகிறார். அவருடைய சட்டைப்பையில் தமிழில் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது: ஸ்டென்ட் வைத்த நாள், குளிசைகளின் பெயர், கேட்கவேண்டிய மருத்துவரின் தொலைபேசி எண். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இன்றே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.