ஆழித்தேர் ஊரின் சட்டமன்ற உறுப்பினர்

திருவாரூர்த் தியாகராசர் திருக்கோயிலின் ஆழித்தேரை அறியாத சைவர் இலர். அலங்காரம் முடிந்து நிற்கையில் அதன் உயரம் 96 அடி. இத்துணைப் பெருமை வாய்ந்த தேர் 1948க்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடாமல் நிலையிலேயே நின்றது. 1970இல் அது மீண்டும் வீதியுலா வந்தபோது தமிழக முதலமைச்சராக இருந்து அதற்கு வழிசெய்தவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று தம்மை வெளிப்படையாகவே கூறிக்கொண்ட கலைஞர் மு. கருணாநிதி அவர்கள். "பராசக்தி" படத்தில் கோயிலைப் பற்றி அவர் எழுதிய வசனத்தைக் கேட்டு முகம் சுளித்தவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்கும். ஆயினும் அவரது சட்டமன்ற வாழ்வை முதலிலிருந்து நோக்குவோர்க்கு இதில் வியப்பு ஏதுமில்லை. பிரதிநிதியின் கொள்கை ஒன்றாக இருக்கலாம்; தேர்ந்தெடுத்த மக்கள் வேண்டுவது வேறாக இருக்கலாம். இரண்டாவதைத் தள்ளிவிட்டு எவரும் பதின்மூன்று முறை வெற்றி பெற இயலாது.

3-6-1924இல் தஞ்சைத் தரணியின் திருக்குவளையில் பிறந்து, திருவாரூர்ப் பள்ளியில் பயின்ற அவர், 1957இல் குளித்தலைத் தொகுதியில் நின்று முதன்முதலாகச் சட்டமன்றம் புகுந்தார். அவ்வாண்டு அறிஞர் அண்ணாவுடன் அவைக்குச் சென்ற கழகத்தினர் பதினைவரே. தொகுதிக்குட்பட்ட நங்கவரத்தில் பண்ணை நிலத்தை உழுத வாரக் குடிகள் தங்கள் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர். புதிய உறுப்பினரின் கன்னிப் பேச்சு அந்த உழவர்களைப் பற்றியதாக அமைந்தது. திரைப்பட வசனத்தால் புகழ்பெற்ற ஒருவர் வாரப் பங்கீட்டு நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டு பேசியதே அவரது அவை வாழ்வின் அடித்தளம் எனலாம்.

1962இல் காங்கிரசார் அந்தப் பதினைவரையும் வீழ்த்த முனைந்தனர். காஞ்சியில் அண்ணாவே தோற்றார். பதினைவரில் மீண்டும் வென்றவர் கலைஞர் ஒருவரே. அதுவும் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்கு மாறி நின்று வென்றார். பின்னர் சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என ஏழு தொகுதிகளில் போட்டியிட்டும் தோல்வியைக் காணவில்லை. எல்லாம் எளிய வெற்றிகள் என்று எண்ணிவிடலாகாது. 1980இல் அண்ணா நகரில் அவரைக் காத்தவை 699 வாக்குகள். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் கட்சியே துடைத்தெறியப்பட்ட 1991இல், துறைமுகத்தில் 890 வாக்குகள்.

பதவியைத் துறந்த நாள்களும் உண்டு. இலங்கைத் தமிழர் துயரை முன்னிட்டு 1983இல் பேராசிரியர் க. அன்பழகனுடன் உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். 1991இல் கட்சியின் படுதோல்வியை அடுத்து, தாம் வென்ற இடத்தையும் விட்டுக்கொடுத்தார். 1969 முதல் ஐந்து முறை முதலமைச்சர் பொறுப்பேற்ற அவரது ஆட்சி, 1976இலும் 1991இலும் மத்திய அரசால் கலைக்கப்பட்டது.

குறையே இல்லாத வாழ்வு என்று எழுதுவது புகழ்மாலையாகுமே தவிர வரலாறாகாது. 25-3-1989 அன்று, அவர் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்க எழுந்த வேளையில் அவையில் கைகலப்பு மூண்டது. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த செல்வி ஜெயலலிதா தலைவிரி கோலமாக வெளியேறினார். தமிழகச் சட்டமன்றத்தின் மாசு படிந்த நாள்களுள் அது ஒன்று. ஆனால், இந்துக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் சம பங்கு என அவரது அரசு இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்ததாகக் குறிக்கப்பட்டிருப்பதும் அதே 25-3-1989 தான்! ஒரு பெண்ணுக்கு அவையில் இழிவு நேர்ந்த நாளிலிருந்து பெண்களின் சொத்துரிமை கணக்கிடப்படுகிறது. அந்நாளுக்கு முன் மணமான பெண்களுக்கு அவ்வுரிமை கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய நாடு முழுமைக்கும் இத்தகைய சட்டத் திருத்தம் வந்தது 2005இல். தமிழகம் பதினாறு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

எதிர்க்கட்சி வரிசையில் இருந்த பிற்காலங்களில் அவர் அவைக்கு அதிகம் வரவில்லை என்ற குறையும் கூறப்பட்டது. அக்குறையில் உண்மை உண்டு. 1957இல் உழவர்களுக்காக எழுந்து பேசிய குரலை அந்நாள்களில் அவை இழந்திருந்தது.

2011இல், எண்பத்தாறாம் வயதில், தாம் பயின்ற திருவாரூரில் முதன்முறையாக வேட்பாளராக நின்று வென்றார். 2016இல் சக்கர நாற்காலியில் இருந்தவாறே அங்கு மீண்டும் நின்றார். அத்தேர்தலில் தமிழகத்திலேயே மிக அதிக வாக்கு வேறுபாட்டை அவருக்குத் தந்தது திருவாரூர்தான். 7-8-2018 அன்று தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தபோதும் அவர் அந்தத் தேரோடும் ஊரின் சட்டமன்ற உறுப்பினராகவே இருந்தார்.