பிறந்தகம், புக்ககம், மூன்றாவது இல்லம்: பிரிந்து வாழும் பெண்களின் உறைவிட உரிமை வரலாறு

முன்னுரை

தமிழில் திருமணமான பெண்ணைக் குறிக்கும் சொற்கள் பல வீட்டை அடியாகக் கொண்டு பிறந்தவை. மனைவி, மனையாள், இல்லாள், இல்லக்கிழத்தி என்பன அவற்றுட் சில. ஆயின் அப்பெண் வாழும் வீட்டினைச் சுட்ட வழங்கும் சொற்களோ பிறந்தகம், புக்ககம் என இரண்டேயாம். முன்னது தந்தைக்கும் உடன்பிறந்தானுக்கும் உரிய வீடு. பின்னது கணவனுக்கும் அவன் பெற்றோர்க்கும் உரிய வீடு. இந்தியில் வழங்கும் 'மாய்கா', 'சசுரால்' என்னும் இணையும் இத்தன்மையதே. மணவாழ்வு முறிந்த பெண் இவ்விரண்டிலும் இடம் பெறாதபோது அவள் தேடிச் செல்லும் மூன்றாவது இல்லத்திற்கு வழக்கில் பெயர் இல்லை. பிறந்தகம் மீண்டவளை 'வாழாவெட்டி' எனச் சுட்டும் வழக்கு, வாழ்தல் என்பதே புக்ககத்தில் உறைதல் எனக் கொள்ளப்பட்டமையைக் காட்டும்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மணமுறிவு பெற்றோரையும் பிரிந்து வாழ்வோரையும் தனித்தனியே காட்டிற்று. அதன்படி மணமுறிவு பெற்றோர் சுமார் 13.6 இலட்சம் பேர். மணமுறிவு பெறாது பிரிந்து வாழ்வோர் அவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கினர். எனவே நீதிமன்றத் தீர்ப்பு ஏதுமின்றிப் பிரிந்து வாழ்பவர்களே மிகுதி என்பது பெறப்படுகின்றது. இவர்களுள் பெண்களின் உறைவிடச் சிக்கலை இந்தியச் சட்டமும் அரசும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை வரலாற்று முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேர்த்து வைத்தலே தீர்வு

புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள், மனைவி கண்ணகியைப் பிரிந்த வையாவிக் கோப்பெரும் பேகனை நோக்கிக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் பாடியவை. பரிசிலுக்கு மாற்றாக அவன் தன் மனைவிபால் மீளுதலையே புலவர்கள் வேண்டினர். துறக்கப்பட்ட பெண்ணின் துயர்க்குக் கணவன் திரும்பி வருதலே மருந்து என்னும் கருத்து இப்பாடல்களின் அடித்தளமாக அமைந்துள்ளது. அக்காலச் சமூக அமைப்பில் வேறொரு தீர்வை எதிர்பார்த்தற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய நீதிமன்றங்கள் இதே தீர்வைச் சட்டமாக்கின. சேர்ந்து வாழும் உரிமையை மீட்டுத் தருமாறு தொடுக்கப்படும் வழக்கு இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்ததாகும். 1884இல் தாதாஜி பிகாஜி என்பவர் தம் மனைவி ருக்மாபாய்மீது பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இத்தகைய வழக்கினைத் தொடுத்தார். சிறுவயதில் மணம் செய்விக்கப்பட்ட ருக்மாபாய், கணவன் வீடு செல்ல மறுத்துத் தாயுடனும் மாற்றாந்தந்தையாகிய மருத்துவர் சகாராம் அர்ஜுனுடனும் வாழ்ந்து வந்தார். கணவனிடம் செல்லாவிடில் ஆறு மாதச் சிறை என 1887இல் தீர்ப்பாயிற்று. சிறை செல்லினும் கணவன் வீடு செல்லேன் என அவர் உறுதியாக நின்றார். 1888இல் 2,000 ரூபாய் கொடுத்து வழக்கு சமரசமாயிற்று. பின்னர் அவர் இலண்டனில் மருத்துவம் பயின்று சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பணியாற்றினார்.

ருக்மாபாயின் மனவுறுதியும் அவர் எழுப்பிய குழந்தைமண எதிர்ப்பும் பலராலும் பேசப்பட்டுள்ளன. அவ்வுறுதிக்குத் துணைநின்ற பொருளியற் பின்புலமும் கருதத்தக்கது. தாய் மறுமணம் செய்துகொண்டபோது தம் முதற் கணவர்வழி வந்த சொத்தை மகளுக்கு மாற்றியிருந்தார். தங்க ஒரு வீடும் வழக்காடப் பொருளும் இருந்தமையால்தான் அவரால் 'இல்லை' எனக் கூற இயன்றது. இவ்வுண்மை பிற்கால வரலாறு முழுமைக்கும் பொருந்துவதாகும்.

தனித்துறைதல்: அனுமதியா, வீடா?

1946ஆம் ஆண்டின் இந்து மணமான பெண்கள் தனித்துறைதல் மற்றும் பராமரிப்பு உரிமைச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. கணவனின் கொடுமை, கைவிடுதல், மறுமணம் முதலிய காரணங்களால் மனைவி பிரிந்து வாழலாம் என்றும், அந்நிலையிலும் பராமரிப்புப் பெறலாம் என்றும் அது வகுத்தது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அதனை விரிவுபடுத்திற்று. உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் ஆகியன பராமரிப்பினுள் அடங்கும் என்பதும் இச்சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டது.

எனினும் இச்சட்டங்களில் 'தனித்துறைதல்' என்பது பிரிந்து வாழ்வதற்குரிய அனுமதியே ஆகும். வாழ்வதற்குரிய வீடு அன்று. உறைவிடம் பராமரிப்புத் தொகையின் ஓர் உறுப்பாகக் கணக்கிடப்பட்டதேயன்றித் தனி உரிமையாகக் கொள்ளப்படவில்லை. கற்பு வழுவியவள் எனக் கருதப்பட்டவளுக்கு இவ்வுரிமையும் மறுக்கப்பட்டது.

தொகையின் அளவு நோக்கின் நிலைமை தெளிவாகும். எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 125ஆம் பிரிவின்கீழ் மாதம் 500 ரூபாய் என உச்சவரம்பு விதித்திருந்தது. 2001இல் திருத்தச் சட்டம் நீக்கும் வரை அவ்வரம்பு நிலைத்திருந்தது. 2024 சூலை 1 முதல் இப்பிரிவின் இடத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு பெற்றுள்ளது.

இந்தூரைச் சேர்ந்த ஷா பானோ வழக்கு சமயச் சட்டம் பற்றிய விவாதமாகவே நினைவுகூரப்படுகிறது. அவ்வழக்கின் தொடக்கமோ உறைவிடச் சிக்கல். 1932இல் மணமான அவர் 43 ஆண்டுகட்குப் பின் 1975இல் கணவன் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1979இல் நடுவர் அவருக்கு வழங்கியது மாதம் 25 ரூபாய். 1980இல் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்ததும் இத்தொகையையே. நாடளாவிய கொந்தளிப்பை விளைவித்த அத்தொகை, நகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வாழப் போதுமா என்னும் வினா அவ்விவாதங்களில் முதன்மை பெறவில்லை. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கின் தீர்ப்பே, மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கு அளிக்கப்பட வேண்டிய நியாயமான ஏற்பாட்டினுள் உறைவிடமும் அடங்கும் எனத் தெளிவுறுத்தியது.

புக்ககத்தில் இடம்

வீட்டையே பொருளாகக் கொண்ட சட்டச் சிந்தனை 2005இல் உருப்பெற்றது. அவ்வாண்டு அச்சலா ஆனந்த் வழக்கில், வாடகை வீட்டில் கைவிடப்பட்ட மனைவி, வீட்டுரிமையாளர் தொடுக்கும் வெளியேற்ற வழக்கினைக் கணவனின் இடத்தில் நின்று எதிர்கொள்ளலாம் என உச்சநீதிமன்றம் கூறியது. மணமுறிவு பெற்றவளுக்கோ, முறிவுத் தீர்ப்பிலோ உடன்பாட்டிலோ அவ்வுரிமை காக்கப்பட்டிருந்தாலன்றி இது பொருந்தாது.

அதே ஆண்டு இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 'பகிர்ந்து வாழ்ந்த வீடு' என்னும் கருத்தினை அறிமுகம் செய்தது. வீட்டில் பங்கோ உரிமைப் பத்திரமோ இல்லாவிடினும் பெண் அவ்வீட்டில் வாழலாம் என்பது இதன் 17ஆம் பிரிவு. அவ்வீட்டிற்கு நிகரான வேறு வீட்டை ஏற்பாடு செய்யுமாறோ அதன் வாடகையைச் செலுத்துமாறோ ஆணையிட 19ஆம் பிரிவு இடமளித்தது. திருமணம் போன்ற உறவில் வாழ்ந்த பெண்களையும் இச்சட்டம் உட்படுத்தியது.

ஆனால் நடைமுறைக்கு வந்த இரண்டாம் மாதத்திலேயே, 2006 டிசம்பரில், பத்ரா வழக்கின் தீர்ப்பு இவ்வுரிமையைச் சுருக்கியது. கணவனுக்குச் சொந்தமான அல்லது அவன் வாடகைக்கு எடுத்த வீடு, கணவன் உறுப்பினனாகவுள்ள கூட்டுக்குடும்பத்தின் வீடு ஆகியவையே பகிர்ந்து வாழ்ந்த வீடாகும். மாமியாருக்கு உரிய வீடு அதனுள் அடங்காது என அத்தீர்ப்பு கூறியது. மணமக்கள் பெற்றோர் வீட்டில் வாழ்வதே பெருவழக்காக உள்ள நாட்டில் இவ்விளக்கம் பலரைச் சட்டத்தின் பயனுக்குப் புறம்பாக்கியது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூவர் ஆயம் இதனை மாற்றி, உறவினர்க்குச் சொந்தமான வீடாயினும் அங்கு இல்லற உறவில் நிலையாக வாழ்ந்தமையே அளவுகோல் என வகுத்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 14 ஆண்டுகள்.

அகுஜா தீர்ப்பும் இவ்வுரிமையை எல்லையற்றதாக்கவில்லை. முதிய பெற்றோரின் அமைதியான வாழ்வும் எடைபோடப்பட வேண்டும் என்றது. மறுதலையாக, 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தைக் கருவியாக்கி மருமகளை வெளியேற்றிவிட இயலாது என 2020 டிசம்பரில் வனிதா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. ஒரே கூரையின்கீழ் இரு தலைமுறையினரின் உரிமைகள் மோதும் நிலையை இத்தீர்ப்புகள் உணர்த்துகின்றன. எவ்வாறாயினும் புக்ககத்தில் பெண் பெற்றது இருப்புரிமையே; உடைமையுரிமை அன்று.

பிறந்தகத்தில் இடம்

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளைத் தந்தையின் தனிச்சொத்துக்கு வாரிசாக்கியது. ஆயின் அதன் 23ஆம் பிரிவு குடியிருப்பு வீட்டிற்கு ஒரு விலக்கை அமைத்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முற்படும் வரை பெண் வாரிசு அவ்வீட்டில் பாகம் கோர இயலாது. மகள் அங்கு வாழவேண்டுமாயினும் அவள் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, கணவனைப் பிரிந்தவளாகவோ, கைம்பெண்ணாகவோ இருத்தல் வேண்டும். தனக்குப் பங்குள்ள வீட்டிலேயே வாழ்வதற்கு ஒரு பெண் தன் மணமுறிவை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பது இதன் பொருள்.

கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வழங்கிய 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் முன்னோடியான ஒன்றே. எனினும் அச்சட்டம் தொடங்கும் முன் மணமான மகளிர் அதன் பயனைப் பெறவில்லை. மணம் செய்துகொடுத்தவளுக்குப் புக்ககமே வீடு என்னும் பழைய கருத்து சீர்திருத்தச் சட்டத்தினுள்ளும் இடம்பெற்றமைக்கு இது சான்றாகும். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மையச் சட்டத் திருத்தம் 23ஆம் பிரிவை நீக்கியதோடு, மணமான மகளிர்க்கும் பிறப்பால் வரும் பங்கை உறுதிசெய்தது.

மாற்று மரபுகள் மூன்று

இந்தியா முழுமையும் பெண்ணின் உறைவிடம் கணவனைச் சார்ந்தே இருந்ததில்லை. மலபாரின் மருமக்கத்தாயக் குடும்பங்களில் பெண் தன் தறவாட்டின் உறுப்பினளாகவே வாழ்நாள் முழுதும் இருந்தாள். சம்பந்தம் முறிந்தாலும் அவளது தறவாட்டு உரிமை முறிவதில்லை. நிருவாகம் காரணவனிடம் இருந்ததாயினும் உறைவிடம் அவளுடையது. 1933இன் சென்னை மருமக்கத்தாயச் சட்டம் தறவாட்டுப் பிரிவினைக்கு வழிவகுத்தது. 1975ஆம் ஆண்டின் கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தபோது அம்முறை சட்ட அளவில் முடிவுற்றது.

மேகாலயத்துக் காசி மக்களிடையே குடும்ப வீடு இளைய மகளுக்கு உரியது. கோவாவில் 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசிய உரிமையியல் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்துக் கணவன் மனைவி இருவரின் சொத்தும் பொதுச்சொத்தாகின்றது. மணம் முறியின் இருவர்க்கும் பாதி. மணவாழ்வில் ஈட்டிய வீட்டில் மனைவிக்குப் பாதி என்னும் கொள்கை இந்தியாவின் பிற பகுதிகளில் பொதுச் சட்டமாகவில்லை.

மூன்றாவது இல்லம்

புக்ககமும் பிறந்தகமும் இடந்தராத நிலையில் எஞ்சுவது வாடகை வீடும் அரசின் உதவியுமே. 1972–73இல் மைய அரசு தொடங்கிய பணிபுரியும் மகளிர் விடுதித் திட்டம், மணமுறிவு பெற்றோரையும் பிரிந்து வாழ்வோரையும் உட்படுத்தியது. ஒருவர் அறைக்கு ஊதியத்தில் 15 விழுக்காடு, இருவர் அறைக்கு 10 விழுக்காடு, கூட்டறைக்கு 7.5 விழுக்காடு என வாடகைக்கு வரம்பு கட்டிய அதன் விதி, வருவாய்க்கேற்ற வாடகை என்னும் கொள்கையின் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆயினும் விடுதி என்பது குறித்த காலத் தங்கலுக்கு உரியது. வளர்ந்த மகனுடன் வரும் தாய்க்கு அதில் இடமில்லை.

வீட்டு வசதித் திட்டங்களில் பெண்ணின் பெயரில் அல்லது இருவர் பெயரிலும் வீடு ஒதுக்கும் முறை இந்திரா ஆவாஸ் திட்டக் காலத்திலேயே தோன்றியது. பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் நெறிமுறை, கைம்பெண், மணமாகாதவர், பிரிந்து வாழ்பவர் ஆகியோரைக் கூட்டுப்பெயர் விதியிலிருந்து விலக்கித் தனிப்பெயரில் வீடு பெற இடமளித்தது. மொழியில் பெயரில்லாத மூன்றாவது இல்லம் அரசு ஆவணத்தில் இவ்வாறு இடம்பெறத் தொடங்கியது எனலாம். ஆனால் முன்னர்க் கண்டவாறு, தீர்ப்பின்றிப் பிரிந்தோரே மிகுதி. தாம் தனிக் குடும்பம் என்பதை ஆவணத்தால் நிறுவுதல் அவர்களுக்கு அரிது. 2000ஆம் ஆண்டில் இராசத்தானில் தோன்றிய ஏகல் நாரி சக்தி சங்கதன் போன்ற தனித்த பெண்களின் அமைப்புகள் தோன்றியமைக்கான தேவையை இப்பின்னணியில் வைத்து உணரலாம்.

சொந்த வீடு விளைவிக்கும் வேறுபாட்டினைப் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நிகழ்த்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. நிலமும் வீடும் இல்லாத பெண்களுள் உடல்வழி வன்முறைக்கு உள்ளானோர் 49 விழுக்காடு. வீடு மட்டும் உடையோருள் 10 விழுக்காடு. இரண்டும் உடையோருள் 7 விழுக்காடு. நெடுங்கால வன்முறைக்கு ஆளானவர்களுள் வீட்டைவிட்டு வெளியேறியோர், சொத்துடையவர்களில் 71 விழுக்காடு. சொத்தில்லாதவர்களில் 19 விழுக்காடு மட்டுமே. வெளியேறிப் பின் திரும்பியவர்களுள் மிகப் பெரும்பாலோர் சொத்தற்றவர்கள். செல்ல இடமின்மையே பலரைக் கொடுமையினுள் நிறுத்தி வைக்கின்றது என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

மேற்கண்டவற்றை நோக்க, இந்தியச் சட்டம் பிரிந்த பெண்ணை முதலில் கணவனிடம் திருப்பி அனுப்ப முயன்றது; அடுத்துப் பிரிந்து வாழ அனுமதித்துத் தொகை வழங்கியது; பின்னர்க் கணவன் வீட்டில் இருப்புரிமையும் தந்தை வீட்டில் பங்குரிமையும் அளித்தது. இவ்வளர்ச்சி பெரிதே. எனினும் இவை யாவும் பிறரோடு வழக்காடிப் பெறவேண்டிய இடங்கள். வழக்கு முடியும் வரை அவள் எங்கு உறங்குவாள் என்னும் வினாவிற்கு வருவாய்க்கேற்ற வாடகை வீடும், மணவாழ்வில் ஈட்டிய வீட்டில் சமபங்கும், தனிக் குடும்பம் என்னும் எளிய அறிந்தேற்புமே விடையாக முடியும். சங்கப் பாடல்களில் பிரிவினைப் பாலைத்திணையின் உரிப்பொருளாகக் காணும் தமிழாய்வு, பிரிந்தபின் பெண் வாழும் வீட்டினை இக்காலப் புனைகதைகளிலும் வாய்மொழி வழக்காறுகளிலும் தேடித் தொகுத்தல், இத்துறையில் இனிச் செய்தற்குரிய பணியாகும்.