மலாய்ப் பேய்ப்படமும் பி. என். ராவும்

மலாய் சினிமாவின் சரித்திரம் பேசப்படும் இடங்களிலெல்லாம், காலஞ்சென்ற டைரக்டர் பி. என். ராவைக் குறித்து இரண்டு கட்சிகள் எழக் காண்கிறோம். பேய்ப்படம் என்ற வகையையே இந்நாட்டிற்குத் தந்தவர் அவர் என்பது ஒரு கட்சி. இந்தியப் படங்களின் பாட்டையும் அழுகையையும் மலாய்ப் படத்தின்மீது சுமத்தியவர்களுள் அவரும் ஒருவர், அவ்வளவே என்பது மற்றொன்று. இவற்றுள் உண்மை எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மலையாள நாட்டவராகிய ராவ், சிங்கப்பூருக்கு வருமுன்னரே தமிழ்ப் படவுலகில் பெயர் பெற்றவர். 1939-இல் ‘ரம்பையின் காதல்’, 1941-இல் ஜெமினியின் ‘மதனகாமராஜன்’, 1945-இல் ‘சாலிவாகனன்’ ஆகியவை அவர் இயக்கியவை. சாபமும் வரமும் உருமாற்றமும் அவர் கைக்குப் பழகிய சரக்குகள். பின்னர் ஷா சகோதரர் கம்பெனியில், பி. ராம்லி நடித்த ‘ஹுஜான் பானாஸ்’ படத்தை 1953-இல் இயக்கினார். அதன்பின் கேத்தே-கிரிஸ் கம்பெனிக்கு மாறினார். அக்கம்பெனியை ஹோ ஆ லோக்குடன் சேர்ந்து நடத்திய லோக் வான் தோவின் தந்தை லோக் இயூ, பேராக்கின் ஈய லம்பங்களில் பொருள் திரட்டியவர். ஆகவே இச்சரித்திரத்தில் நம் மண்ணுக்கும் பங்குண்டு.

1957 ஏப்ரலில், மலாயா சுதந்தரம் பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், ‘பொந்தியானாக்’ வெளிவந்தது. மரியா மெனாடோ கதாநாயகி. கூனியாகவும் குரூபியாகவும் பிறந்த ஒருத்தி மந்திரத்தால் பேரழகு பெறுகிறாள். மனித இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது நிபந்தனை. பாம்பு தீண்டிய கணவனைக் காக்க அவள் நஞ்சை உறிஞ்சுகிறாள்; இரத்தம் நாவிற் படுகிறது; பேயாகிறாள். அன்பே அவளுக்குக் கேடாய் முடிகிறது!

இரண்டாவது கட்சியார் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. பிரசவத்தில் இறந்த பெண் பொந்தியானாக் ஆவாள் என்பதும், பிடரியில் ஆணி அறைந்தால் அடங்குவாள் என்பதும் மலாய்க் கம்பங்களில் தொன்றுதொட்டு வழங்கிய நம்பிக்கைகள். படக்கதையை எழுதியவரும் ராவ் அல்லர், அப்துல் ரசாக். எனவே முழுப் புகழையும் டைரக்டருக்கே சூட்டுவது முறையன்று. ஆனால் கம்பத்துப் பேய் அஞ்சத்தக்கது மட்டுமே. படத்துப் பேயோ இரங்கத்தக்க மனைவி. பேயைக் குடும்பத்திற்குள் கொணர்ந்து பார்ப்போரைக் கண்ணீர் விடச் செய்யும் இம்முறை, நம் புராணப் படங்களில் பயின்ற கையின் வேலை என்றே நாம் கருதுகிறோம். குறையென்று சொல்லப்பட்ட அதே அழுகைதான் இங்கே புதுமையாயிற்று.

அதன் விளைவு உடனே தெரிந்தது. அவ்வாண்டிலேயே ‘டென்டாம் பொந்தியானாக்’, 1958-இல் ‘சும்பா பொந்தியானாக்’ என ராவே தொடர்ந்தார். போட்டிக் கம்பெனியாகிய ஷாவினர் 1958-இல் ‘அனாக் பொந்தியானாக்’ எடுத்தனர். அதை இயக்கியவர் பிலிப்பைன்ஸ் நாட்டவரான ரமோன் எஸ்டெல்லா. அவ்வாண்டில் பி. ராம்லி இயக்கி நடித்த ‘சும்பா ஓராங் மின்யாக்’ படத்திலும் கூனன் ஒருவன் அமானுஷ்ய சக்தியால் அழகு பெற்றுப் பின் கேடடைகிறான். இதைத் தற்செயல் என்று தள்ள இயலுமா? நெடுநாள் அருகியிருந்த இவ்வகை 2004-இல் ஷுஹைமி பாபாவின் ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ மூலம் உயிர்பெற்றபோது, அங்கேயும் பேய், அநீதிக்கு ஆளான பெண்ணே.

வருந்தத்தக்க செய்தி வேறொன்றுண்டு. ராவின் முதலிரண்டு பேய்ப்படங்களும் இன்று கிடைக்கவில்லை. ஹோ ஆ லோக் அச்சுருள்களைக் கைவிடப்பட்ட ஈய லம்பக் குட்டையொன்றில் எறிந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. எஞ்சிய கேத்தே-கிரிஸ் மலாய்ப் படத் தொகுதி, 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது, இழந்தவை இழந்தவையே.

பேய் உண்டென்று நாம் நம்பவில்லை. ஆயினும் பேய்க்கதையினூடே ஒரு பெண்ணின் துயரைப் பேசிய கலையை மதிக்கிறோம். ‘பொந்தியானாக்’கை ஈப்போக் கொட்டகையிலோ தோட்டத் திடலிற் கட்டிய வெள்ளைத் துணியிலோ கண்டவர் எவரேனும் இருப்பின், அவர் இன்று எழுபதைக் கடந்த முதியவர். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களும் ஒவ்வொன்றாய் மறைகின்றன. நாள்தோறும் பேரேட்டில் வரவு செலவு எழுதும் தோட்டத்துக் கிராணிமாராகிய நாம், அம்முதியவர் நினைவையும் கேட்டு எழுதி வைத்தல் ஆகாதா? வழக்காடும் இரு கட்சியார்க்கும் இனிக் கிடைக்கக்கூடிய சாட்சி அதுவே.