துவாரகாவில் முடியும் ஒரு தடமும் இரண்டு சொற்களும்

துவாரகா செக்டர் 21 நிலையத்தில் இரண்டு மெட்ரோ தடங்கள் சந்திக்கின்றன. நீலத் தடத்தைத் தொடக்கம் முதலே தில்லி மெட்ரோ ரயில் கழகம் தானே இயக்கி வருகிறது. புது தில்லியிலிருந்து விமான நிலையம் வழியாக வரும் விரைவுத் தடமோ தனியார் கையில் பிறந்து கழகத்தின் கைக்கு வந்தது. பொதுப் போக்குவரத்தை அரசே நடத்துவதா, ஒப்பந்தக்காரரிடம் விடுவதா என்னும் விவாதம் எழும்போதெல்லாம் இந்த நிலையமே என் நினைவுக்கு வருகிறது.

2008 ஆகஸ்ட் 25 அன்று, ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் தலைமையிலான தில்லி விமான நிலைய மெட்ரோ எக்ஸ்பிரஸ் நிறுவனத்துடன் கழகம் முப்பதாண்டு உரிம ஒப்பந்தம் செய்தது. தூண்களும் பாலமும் சுரங்கமும் கழகத்தின் பொறுப்பு. ரயில் பெட்டிகள், சமிக்ஞை, இயக்கம், பராமரிப்பு ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. கட்டண வருவாயும் அதன் இழப்பும் நிறுவனத்தையே சேரும். அப்போது கழகத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த ஈ. ஸ்ரீதரன், அதே ஆண்டில் ஹைதராபாத் மெட்ரோவுக்காகத் தனியாரிடம் பெருமளவு நிலம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்துத் திட்டக் குழுவுக்குக் கடிதம் எழுதினார் என்பதை இங்கே குறித்துவைக்கலாம்.

காமன்வெல்த் விளையாட்டுக்கு முன் திறக்கப்பட வேண்டிய தடம் 2011 பிப்ரவரி 23 அன்றுதான் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை. 2012 ஜூலையில் மேம்பாலத்தைத் தாங்கும் பேரிங்குகளில் குறைபாடு தெரிந்து சேவை நிறுத்தப்பட்டது. குறைபாடு உண்மையானது, அது கழகம் கட்டிய பகுதியில் இருந்தது. அரசு நிறுவனம் என்பதால் கட்டுமானம் பழுதற்றதாகிவிடாது. தொண்ணூறு நாட்களுக்குள் சரிசெய்யுமாறு நிறுவனம் கோரியது. அக்கெடு முடிந்ததும், அக்டோபர் 8 அன்று ஒப்பந்தத்தை முறித்தது. பழுதுபார்ப்புக்குப் பின் 2013 ஜனவரியில் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் சான்றளிக்க, குறைந்த வேகத்தில் ரயில் மீண்டும் ஓடியது. ஜூன் இறுதியில் நிறுவனம் விலகிக்கொள்ள, ஜூலை 1 முதல் கழகமே இயக்கத் தொடங்கியது.

பேரிங்குகள் ஏறத்தாழ ஆறு மாதங்களில் சரியாயின. வழக்கு முடியப் பதினோராண்டுகளுக்கு மேலாயிற்று. 2017 மே மாதம் நடுவர் தீர்ப்பாயம் நிறுவனத்துக்கு 2,782 கோடி ரூபாயும் வட்டியும் வழங்குமாறு தீர்ப்பளித்தது. தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதை ஏற்றார். 2019இல் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. மிக அரிதாகவே ஏற்கப்படும் மறுசீராய்வு மனுவின் மீது, 2024 ஏப்ரல் 10 அன்று, அதே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக் கழகத்தின் பக்கம் நின்றது.

மொழியியல் மாணவனான என்னை ஈர்த்தது இவ்வழக்கின் அச்சாணி. குறையைத் தீர்க்கவேண்டும், அல்லது தீர்ப்பதற்கு 'எஃபெக்டிவ் ஸ்டெப்ஸ்' எடுக்கவேண்டும் என்கிறது முறிவு பற்றிய ஒப்பந்தப் பிரிவு. குறை முழுமையாகத் தீரவில்லை, எனவே முறிவு செல்லும் என்றது தீர்ப்பாயம். தீர்த்தலும் தீர்க்க நடவடிக்கை எடுத்தலும் வேறு வேறு; எடுத்த நடவடிக்கைகள் ஏன் போதாதவை என்று தீர்ப்பாயம் விளக்கவில்லை; பாதுகாப்புச் சான்றையும் புறந்தள்ளியது என்றது 2024 தீர்ப்பு. அத்தொடரைத் தமிழாக்க முயன்றபோதே சிக்கல் புலப்பட்டது. 'பயன் தந்த நடவடிக்கை' என்றால் பழுது நீங்கியிருக்க வேண்டும். 'பயன் தரத்தக்க நடவடிக்கை' என்றால் வேலை நடந்துகொண்டிருந்தாலே போதும். தமிழ்ப் பெயரெச்சம் காலத்தைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலப் பெயரடை சொல்லாமல் நழுவுகிறது. அந்த நழுவலின் மீது வட்டியோடு பல்லாயிரம் கோடி ரூபாய் நின்றது.

இத்தகைய சொல் எங்கே தேவைப்படுகிறது? பாலம் ஒருவருடையதாகவும் ரயில் மற்றொருவருடையதாகவும் இருக்கும் இடத்தில். நீலத் தடத்தில் பேரிங் பழுதானால் அது பொறியாளருக்கான வேலை. விரைவுத் தடத்திலோ அது ஒப்பந்த மீறல். லண்டன் சுரங்க ரயிலில் இயக்கம் அரசிடமும் தண்டவாளப் பராமரிப்பு தனியாரிடமும் பிரிக்கப்பட்டு, மெட்ரோநெட் நிறுவனம் 2007இல் நொடித்தது. அண்டை நகரமான குர்கானில் தனியார் தொடங்கிய ரேபிட் மெட்ரோவையும் 2019 முதல் தில்லி மெட்ரோ கழகமே இயக்குகிறது.

தனியார் என்பதே தீங்கு என்று இதற்குப் பொருள் கொள்ளவில்லை. தில்லிப் பேருந்துகளின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1948இல் நடுவண் அரசு கையகப்படுத்திய பேருந்துச் சேவை, 1992இல் ரெட்லைன் என்ற பெயரில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. நிறம் மாறிப் புளூலைன் ஆயிற்று. பயணச்சீட்டு வருவாய் உரிமையாளருக்கே என்பதால் பயணிகளைப் பிடிக்கப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தின. 2007இல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் அவற்றில் சிக்கி இறந்தனர். 2011 முதல் வந்த கிளஸ்டர் பேருந்துகளும் தனியாருடையவையே. ஆனால் அவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் தரப்பட்டது, வருவாய் அரசைச் சேர்ந்தது. முந்திச் செல்வதற்கான காரணம் அகன்றது. உடைமையைவிட, இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதே சாலையில் நடப்பதைத் தீர்மானித்தது என்பது என் கணிப்பு.

விரைவுத் தடத்தின் கட்டணத்தைக் கழகம் பெருமளவு குறைத்தது. 2023 செப்டம்பரில் தடம் செக்டர் 25 வரை நீண்டது. வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தொட்டது.

இப்போது துவாரகாச் சாலைகளில் ஓடும் மின்சாரப் பேருந்துகளில் வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். நடத்துநரும் பணிமனை நிலமும் தில்லி போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவை. பாலமும் ரயிலும் பிரிந்ததுபோல இங்கும் ஒரு பொருத்துவாய் இருக்கிறது. அவ்வொப்பந்தங்களில் முறிவுப் பிரிவு எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அடுத்துப் படிக்க எண்ணியிருக்கிறேன். சட்டத்துறை நண்பர்கள் எவரேனும் ஏற்கெனவே படித்திருந்தால் இங்கே எழுதுங்கள்.