திருவொற்றியூர் புல்லட்டும் டாலிகஞ்ச் தாதாவும்

நாற்பது தாண்டின ஆம்பளைக்கு வரக் கூடாத ஆசைகள்னு தங்கமணி ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க. தலைக்குச் சாயம் அடிக்கிறது, ஜிம்முக்குப் பணம் கட்டறது, பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கறது. முதல் ரெண்டுலயும் நான் தப்பிச்சுட்டேன். மூணாவதுல போன ஞாயித்துக்கிழமை வசமா மாட்டிக்கிட்டேன்.

விஷயம் இதுதான். கல்கத்தா டாலிகஞ்ச்ல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பழைய புல்லட் 350 விலைக்கு வந்திருக்கு. 1994 மாடல். வண்டிக்காரர் இங்க இருக்கற சினிமா ஸ்டூடியோ ஒண்ணுல லைட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயசு. முழங்கால் போயிடுச்சு, கிக்கரை உதைக்க முடியலை. இந்த ஊர் வழக்கப்படி தெருவுக்கே அவர் தாதா. எனக்கும் தாதா. (நம்ம சினிமா தாதா இல்லைங்க. வங்காளத்துல தாதான்னா அண்ணன்.)

நான் போய் நின்னதும், "மெட்ராஸா?"ன்னார். ஆமான்னேன். டேங்கைத் தட்டிக் காட்டி, "அப்போ இவனும் உங்க ஊர்க்காரன்தான்"னார்.

அங்கதான் விழுந்தேன். ஏன்னா எனக்கு அது வெறும் மெட்ராஸ் வண்டி இல்லை. நான் பிறந்து வளர்ந்த திருவொற்றியூர் வண்டி.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எண்பதுகளோட கடைசி. வடிவுடையம்மன் கோயில் பக்கம் எங்க வீடு. ஹைரோட்டுல என்ஃபீல்டு ஃபேக்டரி. எதிர்வீட்டு மாமாவுக்கு அங்கதான் வேலை. ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வருவார். ஆமாங்க, புல்லட் செய்யறவர் சைக்கிள்லதான் வருவார். அப்பாவுக்கு புல்லட் மேல ஆசை உண்டு. "வாங்கறது கஷ்டமில்லடா, அதுக்கு பெட்ரோல் ஊத்தறதுதான் கஷ்டம்"னு சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆயிட்டார். பி.காம். படிச்சு பேங்க்ல சேர்ந்த நானும் அதே கணக்கைப் போட்டு, நூறு சிசி வண்டியிலேயே காலத்தை ஓட்டிட்டேன்.

சரி, உங்க பசங்க இது எந்த நாட்டு வண்டின்னு கேட்டா என்ன சொல்வீங்க? பாதிப் பேர் இங்கிலாந்துன்னுவோம், பாதிப் பேர் மெட்ராஸ்னுவோம். ரெண்டும் சரிதான். அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

இதோட பூர்வீகம் தையல் ஊசி! இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர், ஊசி செய்யறதுக்குப் பேர் போனது. ஊசி செஞ்சு, அப்புறம் சைக்கிளுக்கு வந்திருந்த ஒரு கம்பெனியை 1891ல ஆல்பர்ட் ஈடி, பாப் வாக்கர் ஸ்மித்னு ரெண்டு பேர் வாங்கினாங்க. என்ஃபீல்டுங்கற ஊர்ல இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்யற ஆர்டர் கிடைச்சுது. அதுலேர்ந்துதான் ராயல் என்ஃபீல்டுங்கற பேரு. முதல் மோட்டார் சைக்கிள் 1901ல. புல்லட்ங்கற பேரு 1932ல. நாம இன்னிக்குப் பார்க்கற அந்த உருவம் 1949 வாக்குல வந்தது.

இந்தியாவுக்கு எப்படி வந்தது? ராணுவம்தான் காரணம். 1952ல மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனிக்கு இந்திய ராணுவத்துகிட்டேர்ந்து 500 புல்லட்டுக்கு ஆர்டர் வந்தது. அடுத்த வருஷம் வண்டிகள் கப்பல்ல வந்து இறங்கிச்சு. அடி தாங்குது, ரிப்பேர் சுலபம்னு பேர் வாங்கவே, 1955ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. 1956ல திருவொற்றியூர் ஃபேக்டரி திறந்தது. இங்கிலாந்துலேர்ந்து பாகம் பாகமா பெட்டியில வரும், இங்க பூட்டுவாங்க. அந்த வருஷக் கடைசி வரைக்கும் பூட்டின வண்டி மொத்தம் 163. அடுத்தடுத்த வருஷங்கள்ல அச்சு, கருவி எல்லாம் வந்து, பாகங்களும் நம்ம ஊர்லயே செய்ய ஆரம்பிச்சாங்க.

இப்பதான் கதையில திருப்பம். 1967ல ரெட்டிச் ஃபேக்டரியை மூடிட்டாங்க. 1970ல இங்கிலாந்துல உற்பத்தியே நின்னு போச்சு. இங்க மாமா சைக்கிள்ல வேலைக்குப் போய்க்கிட்டே இருந்தார். 1977ல திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. பிறந்த ஊர்ல இல்லாமப் போன வண்டி, பிழைக்க வந்த ஊர்லேர்ந்து திரும்பிப் போய் நின்னுது.

இதைப் படிக்கறப்போ எனக்கு லேக் மார்க்கெட்ல பார்த்த ஒரு மாமி ஞாபகம்தான் வந்தது. லேக் மார்க்கெட், ராஷ்பெஹாரி அவென்யூ பக்கம் தமிழ்க் குடும்பங்கள் ரொம்ப காலமா இருக்காங்க. மாமியோட தாத்தா காலத்துலயே கல்கத்தா வந்த குடும்பம். அவங்க பேசற தமிழ் என் பாட்டி பேசினது. "பிரயாணமெல்லாம் சௌக்கியமா?"ன்னு கேட்டாங்க. சென்னையில இப்ப யார் அப்படிக் கேக்கறாங்க? ஊர் மாறிடுச்சு, ஊரை விட்டு வந்தவங்க மாத்தாம வெச்சிருக்காங்க.

ஆனா மாத்தாம வெச்சிருந்தா மட்டும் போதுமான்னா, போதாது. அதுக்கும் சாட்சி கல்கத்தாவுலயே இருக்கு. பக்கத்து உத்தர்பாராவுல இங்கிலாந்தோட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அம்பாசடரா 1950களோட கடைசியிலேர்ந்து செஞ்சாங்க. அதே மாதிரி வந்த வண்டி, அதே மாதிரி மாறாம ஓடின வண்டி. 2014 மே மாசம் உற்பத்தி நின்னு போச்சு. புல்லட்டும் அந்த வழியில போயிருக்க வேண்டியதுதான். 1984, 85ல இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ்னு நூறு சிசி வண்டிகள் வரிசையா வந்தப்போ, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கறதுதான் வீட்டுக்கு வீடு கேள்வி. எங்க அப்பாவோட கேள்வியும் அதுதான். 1994ல, அதாவது தாதாவோட வண்டி பிறந்த அதே வருஷம், ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கிட்டு ராயல் என்ஃபீல்டுன்னு பழைய பேரையே வெச்சாங்க. அதுக்கப்புறம் உருவத்தை விட்டுட்டு உள்ளே இருந்த எஞ்சினை மாத்தினாங்க. வார்ப்பிரும்பு எஞ்சின் போச்சு, 2009 வாக்குல கியர் பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள்ள வந்துது, கியரும் இடது காலுக்கு மாறிச்சு. "பழைய சத்தம் இல்லை"ன்னு திட்டினவங்க ஏராளம். ஆனா கம்பெனி பிழைச்சுது.

தாதாவோட வண்டி பழைய ஜாதி. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், 346 சிசி, நாலு கியர், வலது காலுக்கு கியர், இடது காலுக்கு பிரேக். ஸ்டார்ட் பண்றதுக்கே ஒரு சடங்கு. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவா அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வர்ற வரைக்கும் பார்க்கணும். அப்புறம் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு எஞ்சின்ல அடைபட்ட காத்தை விட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தி, லீவரை விட்டுட்டு, அதுக்கப்புறம் ஒரே உதை. அவசரப்பட்டா கிக்கர் திருப்பி உதைக்கும். தாதா வாய்ப்பாடு மாதிரி சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். நாலாவது தடவை பிடிச்சுது. அந்த டுப் டுப் டுப்... முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு எதிர்வீட்டு மாமா ஞாபகம்.

ட்ராம் டிப்போ பக்கத்துலேர்ந்து தேசப்ராண் சாஸ்மால் சாலையில கிளம்பினேன். ஏறத்தாழ 160 கிலோ வண்டி. நேராப் போற வரைக்கும் நான் ராஜா. மெட்ரோ ஸ்டேஷன் கிட்ட ஒரு பஸ் குறுக்கே வந்துது. இருபது வருஷப் பழக்கத்துல வலது காலை அழுத்தினேன். அது பிரேக் இல்லையே, கியர்! இந்த வண்டியில முதல் கியர் மேலே, மத்ததெல்லாம் கீழே. நிக்க வேண்டிய வண்டி அடுத்த கியருக்குப் போயிடுச்சு. கை பிரேக்தான் காப்பாத்திச்சு. வண்டி நின்னு, எஞ்சினும் நின்னு, நடு ரோட்டுல நான் அந்த ஆம்ப் மீட்டர் முள்ளைத் தேடிக்கிட்டிருக்கேன். பின்னாடி ஆட்டோக்காரர் என்ன சொன்னார்னு எழுத முடியாது. தப்பு என் காலோடது. வண்டி மேல ஒரு குறையும் இல்லை.

திரும்பி வர்றப்போ டாலிகஞ்ச் கிளப் மதில் ஓரமா ஒதுக்கி நிறுத்தி மூச்சு வாங்கினேன். இந்த இடத்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு இருக்குங்க. திப்பு சுல்தான் 1799ல இறந்தப்புறம் அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில வெச்சிருந்தாங்க. 1806 ஜூலைல வேலூர்ல சிப்பாய்கள் எழுச்சி. அதோட குடும்பத்தையே கப்பலேத்தி கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க குடியேறினது இந்த டாலிகஞ்ச் பக்கம்தான். தர்மதலாவுல இருக்கற திப்பு சுல்தான் மசூதியை 1842ல கட்டினது அவரோட மகன் குலாம் முகமது. எங்க பேங்க் டிரான்ஸ்ஃபர் ஆர்டரைத் திட்டறப்பல்லாம் இதை நினைச்சுக்குவேன். எனக்காவது மூணு வருஷத்துல திரும்பிப் போகலாம்னு நம்பிக்கை இருக்கு.

சரி, விலைக்கு வருவோம். தாதா கேட்டது தொண்ணூறாயிரம். எங்க பி.காம். கணக்குப்படி வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எழுதினா, முப்பது வருஷம் கழிச்சு நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்கூட நிக்காது. அதைச் சொன்னேன். "உன் புத்தகத்துல நிக்காது, என் வாசல்ல நிக்குதே"ன்னார். பதில் இல்லை.

பேப்பரைக் கேட்டேன். பிஸ்கட் டப்பாவுலேர்ந்து ஆர்.சி. எடுத்துக் கொடுத்தார். பதினஞ்சு வருஷம் முடிஞ்சதும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும், எல்லாம் ஒழுங்கா செஞ்சிருக்கார். 2022ல அந்தக் கட்டணம் முந்நூறுலேர்ந்து ஆயிரம் ஆனதைக்கூட ஞாபகமா சொன்னார். ஆனா என் கண்ணு வழக்கமா போற இடத்துக்குப் போச்சு. ஹைபாதிகேஷன் இன்னும் அப்படியே இருக்கு! 1994ல ஒரு நிதி நிறுவனத்துல கடன். 36 தவணை. கடைசித் தவணை 1997. முப்பத்தாறு ரசீதும் அந்த டப்பாவுலேயே, தேதி வரிசையில. கடன் தீர்ந்துது, ஆனா ஆர்.சி.யில அடமானத்தை நீக்கலை. அதே 1997ல ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, பதிவுச் சான்று இல்லாம நிதி நிறுவனம் நடத்தக் கூடாதுன்னாங்க. நாடு முழுக்க நிறைய கம்பெனி காணாமப் போச்சு. தாதாவோடதும் அதுல ஒண்ணு.

இதுல என்ன சிக்கல்னா, அடமானத்தை நீக்க படிவம் 35ல கடன் கொடுத்தவங்க கையெழுத்து வேணும். அது இல்லாம 29, 30 படிவம் கொடுத்து பேரு மாத்த முடியாது. நாளைக்கு எனக்கு மாற்றல் வந்து வண்டியை சென்னைக்குக் கொண்டுபோனா, இங்கேர்ந்து தடையின்மைச் சான்று, அங்க பன்னெண்டு மாசத்துக்குள்ள புதுப் பதிவு எண். எல்லாத்துக்கும் இந்த ஒரு வரி குறுக்கே நிக்கும். அதாவது தாதா முழுசா பணம் கட்டின வண்டி, காகிதத்துல இன்னும் அவரோடது இல்லை. செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போறவங்க, எஞ்சின் சத்தம் கேக்கறதுக்கு முன்னாடி ஆர்.சி.யில இந்த ஒரு வரியைப் பாருங்க.

நான் விளக்கினதும் தாதா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "நீ வாங்கினா மெட்ராஸுக்குக் கொண்டுபோயிடுவியா?"ன்னு மட்டும் கேட்டார். தெரியலை தாதான்னேன். உண்மையிலேயே தெரியலை.

ராத்திரி வீட்டுல சொன்னேன். ஒன்பதாவது படிக்கற பொண்ணு, தோழிங்களோட வங்காளம்தான் பேசுவா. "முப்பது வருஷமா இங்க இருந்தா அது கல்கத்தா வண்டிதானேப்பா? இங்க ரிப்பேர் பண்ணி, இங்க ஓட்டி..."ன்னா. வண்டியைப் பத்தித்தான் பேசறாளான்னு எனக்கு ஒரு சந்தேகம். திருவொற்றியூர்க்காரங்க அந்த வண்டியை இங்கிலாந்துதுன்னு நினைச்சா ரிப்பேர் பண்ணாங்க? நம்மளதுன்னு நினைச்சுதான். அவ சொல்றதும் அதேதானே.

முடிவு? வண்டியை வாங்கலை. பிஸ்கட் டப்பாவை வாங்கிட்டு வந்திருக்கேன். அந்தக் கம்பெனி சட்டப்படி கலைக்கப்பட்டதா, வேற எதோடவாவது சேர்ந்துதான்னு தேடி, கையெழுத்து போட உரிமை உள்ளவங்களைக் கண்டுபிடிச்சு, பெல்தலா மோட்டார் வாகன அலுவலகத்துல கொடுக்கணும். ஆபீஸ்ல பிடுங்கற ஆணி போதாதுன்னு இது வேற. எத்தனை மாசம் ஆகுமோ. அடமானம் நீங்கினப்புறம் தாதா எனக்கு வித்தாலும் சரி, வாசல்லயே வெச்சுக்கிட்டாலும் சரி, அது அவரோட வண்டியா இருக்கும்.

கிளம்பறப்போ தாதா ஒரு கண்டிஷன் போட்டார். பேப்பர் முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை தோறும் வந்து ஒரு உதை உதைச்சு, பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விட்டுட்டுப் போகணுமாம். ஓடாம நின்னா வண்டி கெட்டுடும்னார்.

தங்கமணிகிட்ட சொன்னேன். "அப்போ வரும்போது லேக் மார்க்கெட்ல காபிப் பொடி வாங்கிட்டு வாங்க"ன்னாங்க. அனுமதி கிடைச்ச மாதிரிதானே?