மூணு புள்ளிக்குள்ள யாரு? ரிவ்யூ ரேங்கிங் ஆன கதை

போனை எடுத்து "பக்கத்துல பஞ்சர் கடை"ன்னு தேடுறோம். மேப்புக்குக் கீழே பெரும்பாலும் மூணு கடைதான் முதல்ல தெரியும். நாலாவது கடையைப் பார்க்க இன்னொரு தடவை தட்டணும். அவசரத்துல யார் தட்டுவா? அப்போ அந்த மூணுக்குள்ள யார் வர்றதுங்கிறது ஒரு சின்னக் கடையோட பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அந்த முடிவுக்குள்ள நம்ம ரிவ்யூ எப்படி நுழைஞ்சது? இன்னிக்கு எபிசோட் அந்த வரலாறுதான்.

முதல்ல அடிப்படை. லோக்கல் தேடலுக்கு மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள தொடர்பு, தூரம், பிரபலம். தூரத்தைக் கடைக்காரர் மாற்ற முடியாது, கடையைத் தூக்கிட்டு உங்க தெருவுக்கு வர முடியுமா? ரிவ்யூக்களின் எண்ணிக்கையும் ஸ்டாரும் வருவது அந்த மூன்றாவதில், பிரபலத்தில். எதற்கு எத்தனை மார்க் என்ற கணக்கை மட்டும் அவர்கள் வெளியே சொல்வதில்லை.

இதுல ஒரு சிக்கல் ஆரம்பத்திலேயே இருந்தது. பிரபலம் வேற, நல்ல பெயர் வேற. 2010 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. புரூக்ளினில் இருந்து ஆன்லைனில் மூக்குக் கண்ணாடி விற்ற ஒருவர், வாடிக்கையாளர்களை வேண்டுமென்றே திட்டி மிரட்டினார். அவங்க புகார் எழுத எழுத, தன் தளம் தேடலில் மேலே வருகிறது என்பது அவர் கணக்கு. இது மேப் இல்லை, சாதாரணத் தேடல்தான். ஆனா கேள்வி ஒண்ணுதான்: திட்டினாலும் பிரபலம்தானா?

சில நாட்களில் கூகுள் பதில் சொன்னது. புகார் தளங்களின் லிங்க் அவருக்குப் பெரிதாக உதவவில்லை என்றது. ஆனாலும் வாடிக்கையாளரை மோசமாக நடத்தும் தளங்களைக் கீழே இறக்க அல்காரிதத்தை மாற்றியதாக அறிவித்தது. "திட்டு வாங்கினா கீழே போ"ன்னு நேரா கோட் எழுதலாமேன்னு தோணும். அப்படிச் செய்தால் அரசியல்வாதிகளைப் பற்றித் தேடினாலே ஒன்றும் கிடைக்காது என்று அவர்களே சொன்னார்கள்! அந்தக் கண்ணாடி வியாபாரி பிறகு கைதாகி, 2012ல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

இதுக்கு நடுவுல ஸ்டாருக்கு விலை தெரிஞ்சுபோச்சு. 2011ல் ஹார்வர்டின் மைக்கேல் லூகா, சியாட்டில் உணவகங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். யெல்ப்பில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது. பெரிய செயின் கடைகளுக்கு இந்தப் பலன் இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். பேர் தெரியாத கடைக்கு ஸ்டார்தானே விசிட்டிங் கார்டு!

விலை இருந்தா போலியும் வரும். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஒரு பொறி வைத்தது. புரூக்ளினில் தயிர் ஐஸ்கிரீம் கடை நடத்துவதாகச் சொல்லி, தேடலில் மேலே கொண்டுவரும் கம்பெனிகளுக்குப் போன் போட்டார்கள். சிலர் தாங்களாகவே "போலி ரிவ்யூ போட்டுத் தர்றோம்" என்றார்கள். ஒரு ரிவ்யூவுக்கு 1 முதல் 10 டாலர், எழுதுபவர்கள் பிலிப்பைன்ஸ், வங்கதேசம் போன்ற இடங்களில். 2013ல் 19 நிறுவனங்கள் சேர்ந்து 3,50,000 டாலருக்கு மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன.

நின்னுச்சா? இல்லை. 2017ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை டிரிப்அட்வைசரில் உணவகமாகப் பதிந்தார். சமையல் கிடையாது, மேசை கிடையாது, ஷேவிங் ஃபோம் வைத்து எடுத்த 'உணவு' போட்டோக்கள் உண்டு. நண்பர்கள் ரிவ்யூ எழுதினார்கள். 18,149வது இடத்தில் ஆரம்பித்து, சுமார் ஆறே மாதத்தில் லண்டனின் நம்பர் 1!

கேட்க காமெடியா இருக்கு. ஆனா அந்தக் கொட்டகை முதலிடம் வந்தப்போ, நிஜமாவே அடுப்பு முன்னாடி நின்னு சமைச்ச ஒவ்வொருத்தரும் ஒரு இடம் கீழே இறங்கினாங்க.

சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வருது. 2022ல் இந்தியா ஆன்லைன் ரிவ்யூக்களுக்கு ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் போலி ரிவ்யூ வாங்கவும் விற்கவும் தடை விதிக்கும் விதி அமெரிக்காவில் அமலுக்கு வந்தது.

என் கவலை, ஒழுங்கா வேலை செஞ்சும் ரிவ்யூ கேட்கத் தெரியாத கடைக்காரர் பற்றித்தான். அவருக்கு இதைவிட நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. நீங்க வாராவாரம் போற கடைக்கு இதுவரை ரிவ்யூ எழுதியிருக்கீங்களா? "சூப்பர்"னு மட்டும் போடாதீங்க. என்ன வேலை, எவ்வளவு நேரம் ஆச்சு, என்ன குறைன்னு ரெண்டு வரி எழுதுங்க. நாளைக்கு அதையே தேடுறவருக்கு உங்க வரியும் கண்ணுல படலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!